நாற்பத்தொன்றாவது நகல்

சுற்றறிக்கை முதலில் என்னிடம்தான் வந்தது.
நாற்பது காப்பி, ஒரு பக்கம் போதும் என்றார் பியூன் வேதகிரி.
கண்ணாடிக்கு அடியில் பச்சை வெளிச்சம்
போய்த் திரும்புகிற நேரத்துக்குள்
தலைகீழாகவே வாசித்துவிடுவேன்.
பத்தொன்பது வருஷப் பழக்கம்.

பதினைந்து பேருக்குக் குறைவாகப் பயிலும் துறைகள்
வரும் கல்வியாண்டு முதல் இயங்கா.
எந்தத் துறை என்று போடவில்லை.
பல்கலைக்கழக கேட்டில் படுக்கிற நாய்க்கும் தெரியும்,
பதினொரு பேர் இருப்பது
தலித் வரலாற்றுத் துறையில் மட்டும்தான் என்று.

ஒரு காப்பி மசி இழுகிப்போனது.
குப்பையில் போடாமல் எடுத்து வைத்தேன்.
ஏன் என்றால் தெரியாது.

அந்தத் துறைக்குள் நான் போனதில்லை.
அதன் காகிதமெல்லாம் என் கைவழியாகப் போயிருக்கிறது:
மில் சம்பளச் சீட்டு, சாவுமேளத்துக்கு முன்பணம் தந்த ரசீது,
சேரி என்பதை அடித்துவிட்டு
வேறு மசியில் நகர் என்று எழுதிய பள்ளிப் பதிவேடு.
ஒருநாள் யசோதரை, ஆய்வு பண்ணுகிற பெண்,
ஒரு பித்தளை வில்லையைக் கண்ணாடிமேல் வைத்தாள்.
'இத காப்பி எடுக்க முடியுமாக்கா?'
டோக்கன் 2716. ஸ்பின்னிங்.
எங்கப்பாவோடது.
மில் மூடி, அவர் செத்து, மூன்று வீடு மாறி
நாங்கள் தொலைத்ததைக்
காயலான் கடையில் எடைபோட்டு வாங்கி
பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.
நான் காசு வாங்கவில்லை.
அழவும் இல்லை, டோனர் மாற்றினேன்.

அதனால்தான் இழுகிய காப்பியை
மீன்பாடி வண்டி தனகோட்டியிடம் காட்டினேன்.
எழுத்துக்கூட்டி முடித்துவிட்டு
'நாலு பேர்தான கொறயுது?' என்றார்,
கேரம்போர்டில் கடைசிக் காய் பாக்கி என்பது போல.

மாலைச் சான்றிதழ் வகுப்புக்குப் பத்தாவது போதும்.
மூன்று நாளும் என் கடையில் மார்க் ஷீட்தான்.
லேமினேஷன் பிரிந்தது, எலி கடித்தது,
அடகுக்கடையிலிருந்து அரைநாள் இரவலாக வந்தது.
துப்புரவுப் பணி குணபூஷணம் யூனிஃபார்மோடு நின்றாள்.
ஃபுட்பால் எத்திராஜ் தன் டீம் முழுக்கக் கூட்டிவந்தான்,
கோல்கீப்பருக்கு மட்டும் வயசு பத்தவில்லை.
ஜெயசீலி மூன்று தரம் பெயிலானதை மறைக்கவில்லை.
'பெயிலுக்கு எடமில்லியா? அப்ப பீரோ பக்கத்துல குந்திக்கிறேன்,
தூக்கினு போனா என்னியும் சேத்துத் தூக்கட்டும்.'
என்னுடையதையும் ஒன்று எடுத்தேன்.
கணக்கில் முப்பத்தெட்டு. பரவாயில்லை.

வெள்ளி, ஐந்து மணி கடைசி.
மதியமே மழை பிடித்துக்கொண்டது.
கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பி
புளியந்தோப்பு விண்ணப்பங்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன.
தனகோட்டி வண்டியை மேட்டில் விட்டார்.
தார்ப்பாயில் சுற்றிய கட்டு தலையில்,
தண்ணீர் மார்பு வரை,
பீடியை மட்டும் காதுக்கு மேல் செருகிக்கொண்டு.

நாலு நாற்பதுக்குக் கவுன்டரில் சொன்னார்கள்:
'சான்றிதழ் வகுப்பு கணக்குல வராது.'
எங்கே போட்டிருக்கு என்று கேட்டோம்.
சர்க்குலரில் என்றார்.
கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.
துறையில் பயில்வோர் என்றுதான் இருந்தது,
இழுகிய மசிக்கும் அந்த வரிக்கும் ஒரு விரல் இடைவெளி.
அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளை.
'ஒரு பக்கம் போதும்னு நீங்கதான சார் சொல்லி அனுப்பிச்சீங்க.'

அறுபத்திரண்டு முத்திரை விழ ஆறேகால் ஆனது.
ஈரமான ஒன்பதில் மை பரவியது,
அவற்றைத் தனியே வைத்தார்கள். ஏன் என்று சொல்லவில்லை.
ஜெயசீலி அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை.

திங்கள் காலை ஷட்டர் பாதி தூக்கும்போதே
வேதகிரி வந்து நிற்கிறார்,
சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு தாள்.
'நாப்பது காப்பி,' என் முகத்தைப் பார்க்காமல்.
வாங்கி, மடிப்பை நீவி,
இந்தத் தடவை நேராகப் பிடித்து வாசிக்கிறேன்.
நிற்கட்டும்.
மெஷின் சூடாக நேரமாகும்.